90 ரூபாய் மல்லிகை அத்தரைத் தேற்றிய விதம்

10 மில்லி குப்பி 90 ரூபாய். சீட்டில் ‘மல்லிகை’ என்று மட்டும் அச்சடித்திருக்கிறது. யார் செய்தது, எதில் கரைத்தது என்று ஒரு தகவலும் இல்லை. திரவம் வெளிர் மஞ்சள். மூடியைத் திறக்காமலேயே கைப்பையை மணக்க வைக்கும் வீரியம் அதற்கு உண்டு. அத்தர் கடைகளில் இந்த ரகம் வரிசையாக நிற்கும்: ரோஜா, தாழம்பூ, மல்லிகை, மகிழம்பூ. எல்லாமே இனிப்பு, எல்லாமே ஒரே விலை.

திறந்ததும் வருவது மல்லிகை இல்லை. வாழைப்பழ எசன்ஸும் கொஞ்சம் பேரிக்காயும் கலந்த வாசனை. அது பென்சைல் அசிடேட் என்ற வாசனை வேதிப்பொருள். உண்மையான மல்லிகையிலும் அது நிறைய இருக்கிறது. ஆனால் பூவில் அதோடு லினலூல், இண்டோல், மெத்தில் ஆந்த்ரனிலேட், ஜாஸ்மோன் என்று ஒரு பெரிய கச்சேரியே நடக்கும். இந்தக் குப்பியில் பக்கவாத்தியம் அத்தனையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பாடகரை மட்டும் மைக்கைப் பிடித்துக் கத்த விட்டிருக்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் பஞ்சு மிட்டாய் வாசனை எழுகிறது. எத்தில் மால்டால் என்ற பொருள்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். 1992-இல் வந்த ஏஞ்சல் என்ற பிரெஞ்சு சென்ட் இதைத் தாராளமாகப் போட்டுப் பேர் வாங்கியது. அதற்குப் பிறகு விலை குறைந்த இனிப்பு சென்ட்டுகள் பலவற்றில் இது தலைகாட்டுகிறது. மலிவான பொருள், துளியூண்டு போதும், குழந்தையிலிருந்து பாட்டி வரை யாருக்கும் பிடிக்கும்.

அரை மணி நேரம் போனால் பழமும் பூவும் பறந்துவிடும். மணிக்கட்டில் மிஞ்சுவது சர்க்கரையும், பின்னால் லேசாக அந்துருண்டை நெடியும். அந்த நெடி இண்டோலுடையது. செறிவாக இருந்தால் அந்துருண்டை, மிகவும் நீர்த்துப்போனால் பூ. மாலையில் விரிந்த குண்டு மல்லியை மறுநாள் காலை முகர்ந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கனத்த வாடை தெரியும்.

இதில் நிஜப் பூ இருக்குமா என்று கேட்கவே வேண்டாம். ஜாதி மல்லி ஆயிரம் கிலோவை ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் ஊற வைத்து எடுத்தால் ஏறக்குறைய மூன்று கிலோ ‘காங்கிரீட்’ என்ற மெழுகு கிடைக்கும். அதை எத்தனாலில் கழுவினால் பாதியளவே ‘அப்சலூட்’ என்ற, மெழுகு நீங்கிய மணச்சாறு தேறும். சத்தியமங்கலம், திண்டுக்கல் பக்கத்துச் சென்ட் ஆலைகளில் நடப்பது இதுதான். சீசனில் பூ விலை சரியும்போது விற்காத மூட்டைகள் அங்கேதான் போகின்றன. அந்தக் கணக்கில் 90 ரூபாய்க்கு உள்ளே வருவது பூவின் பெயர் மட்டும்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. செயற்கைப் பொருளை வைத்து அருமையான மல்லிகை செய்ய முடியும். பெரிய பெரிய சென்ட்டுகளிலும் அதுதான் இருக்கிறது. இந்தக் குப்பியின் வியாதி வேறு. ஒன்று, அளவுக்கு மீறிய செறிவு. இன்னொன்று, மேலே இருப்பவை பறந்த பிறகு தாங்கிப் பிடிக்க அடியில் கனமான மணம் எதுவும் இல்லை. இரண்டுக்கும் வீட்டிலேயே வைத்தியம் உண்டு: எண்ணெயில் நீர்க்க வைப்பது, அடியில் கனமான மணம் ஒன்றைச் சேர்ப்பது.

முதலில் அத்தர் எதில் கரைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் எண்ணெயிலோ மெழுகிலோ கலந்தால் பிரிந்து நிற்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, டிராப்பரால் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். சொட்டு மிதந்தால் லிக்விட் பாரஃபினோ வேறு எண்ணெயோ. தண்ணீரைவிட அடர்த்தி குறைவு. பால் மாதிரி கலங்கித் தண்ணீரோடு கலந்துவிட்டால் டைபுரோப்பிலீன் கிளைக்கால். முத்து மாதிரி உருண்டு அடியில் போய் உட்கார்ந்தால் டை எத்தில் தாலேட்டோ பென்சைல் பென்சோயேட்டோ. இரண்டின் அடர்த்தியும் சுமார் 1.12. என் குப்பியிலிருந்து விட்ட சொட்டு நேரே அடிக்குப் போனது. டம்ளரைச் சாய்த்தால் பாதரசம் போல் உருண்டது. தண்ணீரின் மேலே மட்டும் மெல்லிய எண்ணெய்ப் படலம். சரி, தாலேட் வகைதான். இது எண்ணெயோடும் கலக்கும், மெழுகோடும் கலக்கும். கிளைக்கால் வகை கையில் கிடைத்திருந்தால் இந்த வேலையையே தொடங்கியிருக்க மாட்டேன். அது எண்ணெயில் கலக்காமல் சின்னச் சின்ன முத்தாகத் தனியே நிற்கும்.

சாமான்கள் அதிகம் இல்லை. நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு, இரண்டு மூன்று டிராப்பர், கண்ணாடிக் குச்சி, காலி ரோல்-ஆன் குப்பிகள், முகர்ந்து பார்க்க நீளமாக வெட்டிய டிராயிங் தாள். தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். துளிக் கணக்கை நம்ப முடியாது. வெட்டிவேர் எண்ணெய்த் துளியும் அத்தர்த் துளியும் ஒரே எடை இருக்காது. தாளின் நுனியில் எதைத் தொட்டோம், எத்தனை மணிக்குத் தொட்டோம் என்று பென்சிலால் எழுதி, கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டேன். பேனா மையில் எழுதினால் மையின் வாசனை நடுவே வரும்.

நீர்க்க வைக்க எத்தனால் நன்றாக இருக்கும். ஆனால் அதைச் சில்லறையில் வாங்க வழியில்லை, உரிமம் வேண்டும். மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டுக்குத் தனி நெடி உண்டு. பெயின்ட் கடை ஸ்பிரிட் பக்கமே போகக் கூடாது. அதில் மெத்தனால் இருக்கலாம், தோலில் படவே கூடாத பொருள். எண்ணெயே போதும் என்று முடிவு செய்தேன். செக்குத் தேங்காய் எண்ணெய் சமையலுக்கு எவ்வளவு நல்லதோ இதற்கு அவ்வளவு ஆகாது, மல்லிகையோடு சண்டைக்கு நிற்கும். மணம் நீக்கிய தேங்காய் எண்ணெய் பரவாயில்லை. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழிக் காலையில் ரோல்-ஆன் உருண்டை நகராது. எம்.சி.டி. எண்ணெய் என்று விற்கிறார்கள். தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தது, உறையாது, வாசனையும் கிடையாது. அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு பங்கு அத்தருக்கு ஒன்பது பங்கு எண்ணெய். இவ்வளவு செய்ததற்கே பலன் தெரிந்தது. வாழைப்பழ எசன்ஸ் அடங்கியது. அந்துருண்டை நெடி இருந்த இடத்தில் ஈரமான, கொஞ்சம் கனமான பூ வாசனை. திராட்சை மிட்டாய் வாசனையும் இலேசாக வெளியே வந்தது. அது மெத்தில் ஆந்த்ரனிலேட்; குண்டு மல்லியிலும் இருப்பதால் குறையாகத் தெரியவில்லை. கடைக்காரர்கள் அத்தரைப் புறங்கையில் தேய்த்து முகரச் சொல்லும்போது நாம் முடிவு செய்வது அதன் பலத்தை வைத்துத்தான், அழகை வைத்து இல்லை. பலமாக அடித்தால் நல்ல சரக்கு என்று நமக்கும் பழகிவிட்டது. நீர்க்க வைத்த தாளை வீட்டில் நீட்டினேன். “இது வேற சென்ட்டா?” என்று கேட்டாள் அக்கா.

ஆனால் ஒன்றுக்கு ஒன்பது தாளில் அழகாக இருக்கும், தோலில் நிற்காது. உடம்புச் சூட்டில் சீக்கிரம் போய்விடும். தோலுக்கு ஒன்றுக்கு நான்குதான் சரியாக வந்தது. அப்போது பஞ்சு மிட்டாயும் திரும்ப வந்துவிடுகிறது. இனிப்பைத் தட்டி வைக்கவும், அடியில் பாரம் சேர்க்கவும் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

பூக்கட்டுபவர்கள் மல்லிகைக்கு நடுவே மரிக்கொழுந்து வைப்பது ஞாபகம் வந்தது. பச்சை வாசனை இனிப்பை உடைக்கும் என்று மரிக்கொழுந்து எண்ணெய் வாங்கிப் பார்த்தேன். செடியை நசுக்கினால் வரும் அந்தப் பச்சை வாசனை, எண்ணெயில் கொஞ்சம்தான். முன்னால் நிற்பது காய்ந்த பழத்தின் வாசனை, ஏறக்குறைய ஜாம். சர்க்கரையின் மேல் ஜாம் தடவிய கதை. தனியாக முகர அருமையான எண்ணெய், இந்த வேலைக்கு இல்லை.

அடுத்தது சாம்பிராணி. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் குங்கிலியத்தைக் கலந்து கட்டுகிறார்கள். உடைத்தால் உள்ளே பால் வெள்ளைத் துண்டுகள் தெரிகிற, வெனிலா வாசனை அடிக்கிற கட்டியாகப் பார்த்து எடுக்க வேண்டும். பொடித்து, கொஞ்சம் அத்தரிலேயே ஊற வைத்து, மூடிய குப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, அவ்வப்போது குலுக்கி, துணியில் வடிகட்டினேன். நன்றாகவே பிடித்து நிற்கிறது. ஆனால் மல்லிகையும் சாம்பிராணியும் சேர்ந்தால் நமக்கெல்லாம் மூளையில் வெள்ளிக்கிழமை பூஜையறை திறந்துகொள்கிறது. அதைப் பூசிக்கொண்டு ஆபீஸுக்குப் போவது எப்படி? அந்தக் குப்பியைத் தனியே வைத்துவிட்டேன்.

சந்தன எண்ணெய் போட்டால் வேலை சுலபம். உத்தரப் பிரதேசத்து அத்தர் ஊரான கன்னோஜில் பழைய முறைப்படி பூ அத்தர் வடிக்கும்போது ஆவி வந்து இறங்குவதே சந்தன எண்ணெயில்தான். செம்பாலான ‘டேக்’ பாத்திரத்தில் பூவும் தண்ணீரும் கொதிக்கும். மூங்கில் குழாய் வழியே ஆவி ‘பப்கா’ என்ற குடத்துக்குப் போகும். அதற்குள் சந்தன எண்ணெய் காத்திருக்கும். பூவின் மணத்தைப் பிடித்து வைப்பது அந்தச் சந்தனம். சந்தனம் விலை ஏறிய பிறகு பல இடங்களில் அதற்குப் பதில் லிக்விட் பாரஃபின் வந்தது. என் குப்பி போன்ற மலிவு அத்தர்களில் அடிக்கனம் காணாமல் போனதற்கும் இதே விலைக் கணக்குதான் காரணம். நல்ல சந்தன எண்ணெய் கிலோ லட்சத்தைத் தாண்டும். 90 ரூபாய் அத்தருக்கு அதை ஊற்றுவதில் அர்த்தமில்லை.

கடைசியில் வேலை செய்தது வெட்டிவேர். கடலூர்க் கடற்கரை மணலில் விளைகிற சரக்கு. எண்ணெய் 5 மில்லி சில நூறு ரூபாய், ஆனால் வருஷக்கணக்கில் வரும். கெட்டியான பழுப்பு எண்ணெய், டிராப்பர் நுனியில் தொங்கிக்கொண்டு விழ யோசிக்கும். 2 கிராம் அத்தருக்கு 0.06 கிராம், கிட்டத்தட்ட இரண்டு துளி. கலந்த அன்றைக்கு முகர்ந்தால் மண்ணும் வேரும் தனியாக, பூ தனியாக நின்றன. இருட்டான அலமாரியில் இரண்டு வாரமாவது கிடந்தால்தான் ஒன்றோடொன்று சேரும். சேர்ந்த பிறகு வெட்டிவேர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. முதல் தண்ணீர் தெளித்த பூக்கூடை வாசனை வந்தது. இனிப்பு இருக்கிறது, ஆனால் அதன் கீழே ஈரமான ஒரு கசப்பு ஓடுகிறது. 0.1 கிராமுக்கு மேல் போனால் மல்லிகை அமுங்கி, வெட்டிவேர் விசிறி மட்டும் மிஞ்சும்.

மேல் மணத்துக்கு எலுமிச்சைத் தோல் எண்ணெய் ஒரு துளி விடலாமே என்று தோன்றும். பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கறுத்துப் புண்ணாகலாம். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம்.

அப்புறம் மெழுகு. ரோல்-ஆன் கைப்பையில் கசிகிறது என்பதால் கட்டியாகவும் செய்து பார்த்தேன். தேன்மெழுகு 1 பங்கு, எண்ணெய் 3 பங்கு. வெளிநாட்டுச் செய்முறைகளில் மெழுகின் அளவு பலவிதமாக இருக்கிறது. சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவரில் வைத்தாலும் ஓடாமல் இருக்க, தோலில் தேய்த்தால் இழுக்காமல் இருக்க, இந்த அளவு சரி. தேன்மெழுகு உருக 62, 63 டிகிரி வேண்டும். அடுப்பில் நேராக வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் கிண்ணத்தை நிறுத்தி உருக்க வேண்டும். உருகியதும் இறக்கிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். கிண்ணத்தின் ஓரத்தில் மெல்லிய வெள்ளை வளையம் கட்டும். அந்த நேரத்தில்தான் அத்தரை ஊற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஊற்றினால் பென்சைல் அசிடேட் ஆவியாகி அறை முழுக்க மணக்கும், டப்பாவில் இருக்காது. தாமதித்தால் கட்டி கட்டியாகிவிடும். ஊற்றி, கண்ணாடிக் குச்சியால் நான்கு சுற்று சுற்றி, டப்பாவில் ஊற்றி, ஆறும் வரை அசைக்காமல் விட வேண்டும். அசைத்தால் மேலே சுருக்கம் விழும். வாசனைக்கு ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

மெழுகில் மல்லிகை கொஞ்சம் அடக்கியே பேசுகிறது. பக்கத்தில் வருபவருக்கு மட்டும் தெரியும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதுதான் நல்லது. ரோல்-ஆன் மதியத்துக்குள் ஓய்ந்துவிடும் நாட்களில்கூடக் கட்டி சாயங்காலம் வரை மணிக்கட்டில் இருக்கிறது. தேன்மெழுகின் சொந்த வாசனை இனிப்பைக் கூட்டிவிடுமோ என்று நினைத்திருந்தேன். வெளுத்த மெழுகு வாங்கினால் அந்தப் பிரச்சினை இல்லை. மஞ்சள் மெழுகில் தேனடை வாசனை தூக்கும்.

இந்த எண்ணெய்ப் பங்குக்குப் பதிலாக நிஜப் பூவின் மணம் ஏறிய கொழுப்பைப் போட்டால் எப்படி இருக்கும் என்ற ஆசை வந்தது. மல்லிகை, நிலசம்பங்கி போன்ற பூக்கள் பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பிரான்சின் கிராஸ் ஊரில் கண்ணாடிப் பலகையில் கொழுப்பைப் பூசி, அதன் மேல் பூவை அடுக்கி, தினமும் பூவை மட்டும் மாற்றிக் கொழுப்பில் மணத்தை ஏற்றினார்கள். கரைப்பான் முறை வந்ததும் அந்த வேலை கிட்டத்தட்ட நின்றுபோனது. நம் வடக்கே ஜான்பூர், காஜிபூர் பக்கம் கொழுப்புக்குப் பதில் எள். எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் போட்டு, மணம் ஏறிய எள்ளை ஆட்டி எண்ணெய் எடுப்பார்கள்.

நான் எவர்சில்வர் தட்டில் வனஸ்பதியைத் தடவி, மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வாங்கிய மொட்டை மாலையில் அடுக்கினேன். இன்னொரு தட்டால் மூடி, மறுநாள் பூ பழுப்பேறுவதற்குள் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். பழுப்பேறினால் அந்த வாடையும் கொழுப்பில் ஏறும். மொட்டில் ஈரம் இருக்கக் கூடாது. பூக்காரர்கள் தண்ணீர் தெளித்து வைப்பதால், துணியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் உலர விட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. மல்லிகை மலிவாகக் கிடைக்கும் சித்திரை, வைகாசியில் தட்டு முழுக்கக் கொழுப்பு இளகி ஓடும். வனஸ்பதியின் உருகுநிலை 31 முதல் 41 டிகிரிக்குள்தான். கொழுப்பு கெட்டியாக நிற்கும் மார்கழி, தை மாதத்தில் பனியால் வரத்து குறைந்து, கிலோ ஆயிரக்கணக்கில் போகும். ஏ.சி. அறை இருப்பவர்களுக்கு வெயில் காலம்தான் தோது. மற்றவர்கள் தட்டை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். குளிரில் பூ மணத்தை விடாது. மாவு வாசனை வேறு ஏறும்.

பல தடவை பூ மாற்றிய பிறகு கொழுப்பில் ஏறியது மெல்லிய மணம்தான். ஆனால் நிஜப் பூவின் மணம். அதை எண்ணெய்ப் பங்கில் பாதிக்குப் பதிலாகச் சேர்த்த டப்பாவையும், சேர்க்காத டப்பாவையும் பக்கத்தில் வைத்து முகர்ந்தால் வித்தியாசம் இருக்கிறது. முதல் பத்து நிமிடத்தில் இரண்டும் ஒன்று. அதற்குப் பிறகு பூக்கொழுப்பு டப்பாவில் ஒரு இலைப் பச்சையும் பால் மாதிரி மென்மையும் தெரிகிறது. செலவையும் உழைப்பையும் கணக்குப் பார்த்தால் வெட்டிவேர் கொடுத்த பலனில் கால்வாசிகூட இல்லை. ஆசைக்கு ஒரு தடவை செய்யலாம். வனஸ்பதி சிக்கு வாடை அடிக்கத் தொடங்கினால் டப்பாவே வீண் என்பதால், சின்னதாகச் செய்து சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

இப்போது நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு இது. 10 கிராம் ரோல்-ஆனுக்கு அத்தர் 2 கிராம், வெட்டிவேர் எண்ணெய் 0.06 கிராம், மீதி எம்.சி.டி. எண்ணெய். கட்டிக்கும் அதே அத்தர், அதே வெட்டிவேர். மீதி எட்டுக் கிராமில் கால்பங்கு தேன்மெழுகு. 90 ரூபாய்க் குப்பி ஒன்றில் இப்படி ஐந்து வரும். அத்தர், எண்ணெய், காலிக் குப்பி எல்லாம் சேர்த்தும் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. யாருக்குக் கொடுத்தாலும் முழங்கை மடிப்பில் தொட்டு ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசச் சொல்கிறேன். பூ வாசனைப் பொருள்கள் சிலருக்கு அரிக்கும், நிஜப் பூவில் எடுத்ததும் விதிவிலக்கு இல்லை.

துணியில் மட்டும் பூச வேண்டாம். இண்டோலும் வெனிலா வகைப் பொருள்களும் நாள்பட நிறம் மாறும். வெள்ளைக் கைக்குட்டையில் தொட்டு வைத்த இடம், துவைத்த பிறகும் செம்பழுப்பு வட்டமாக நிற்கிறது. வேட்டிக் கரையிலோ பட்டுப் புடவையிலோ விழுந்தால் கதை கந்தல். குப்பியில் இருக்கும் கலவையும் மாதக்கணக்கில் கறுக்கும். அது கெட்டுப்போன அடையாளம் இல்லை.

அக்காவுக்கு ஒரு டப்பா கொடுத்தேன். வாசனை நன்றாக இருக்கிறதாம், ஆனால் “வேர் வாசம்” வேண்டாமாம், அடுத்த தடவை அது இல்லாமல் செய்து தர வேண்டுமாம். அதை எடுத்தால் பஞ்சு மிட்டாய் திரும்ப வந்துவிடும் என்றேன். “எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு” என்கிறாள்.